கரும்பலகையில் ஓராண்டு: எழுதியதும், எழுதாமல் விட்டதும்

கோரையாற்றுக்காரன் (டிசம்பர் 27, 2025, இரவு 9.40)

சென்ற ஆண்டு டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவு நாளுக்குப் போய்விட்டு ஊர் திரும்பி பஸ்ஸிலிருந்து இறங்கியபோதுதான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. எங்கள் கடைத்தெருவில் டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, சுவரில் சிமென்டு பூசிச் செய்த பலகை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதில் தினமும் செய்தி இருக்கும். எழுதியவர் காலமான பிறகு யாரும் தொடவில்லை. தலைப்பில் சிவப்புப் பெயிண்டில் அரிவாள் மட்டும் மிஞ்சியிருந்தது. சுத்தியல் இருந்த இடத்தை ஒரு பூப்புனித நீராட்டு விழாச் சுவரொட்டி மறைத்திருந்தது.

நாமே எழுதினால் என்ன என்று தோன்றியது. நான் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினன் அல்லன், அனுதாபி. மன்னார்குடியில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா விட்டுப்போன ஆறு மா நிலம் இருக்கிறது. (ஆறு மா என்பது ஏறக்குறைய இரண்டு ஏக்கர், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.) கோவைத் தழையையும் அடுப்புக்கரியையும் அம்மியில் வைத்து அரைத்து மூன்று பூச்சுப் பூசினேன். ஒரு வாரம் நகக்கண் கறுப்பாகவே இருந்தது. சோற்றில் தழை வாடை அடித்தது. ஜனவரி முதல் ஞாயிறு எழுதத் தொடங்கினேன். நாளையோடு 52 ஞாயிறு. இதுவரை எழுதியது 46. விட்டுப்போன ஐந்தில் மூன்று மழையில் போயின, ஒன்று காய்ச்சல், ஒன்று மைத்துனன் கல்யாணம்.

முதல் இரண்டு மாதம் உலகம் முழுவதையும் அந்த ஆறடிக்குள் அடைக்கப் பார்த்தேன். காஸா, அமெரிக்காவின் வரி மிரட்டல், ஒன்றிய பட்ஜெட், எல்லாம் ஒரே வாரத்தில். எழுத்து கடுகளவுக்குச் சிறுத்துப்போனது. டீக்கடைக்காரர் ஒருநாள், "சைக்கிளை நிறுத்திப் படிக்கிறார்களா, ஓட்டிக்கொண்டே படிக்கிறார்களா, அதைக் கவனியுங்கள்" என்றார். கவனித்தேன். ஓட்டிக்கொண்டேகூட யாரும் படிக்கவில்லை. அதற்குப் பிறகு வாரத்துக்கு நாற்பது சொல், உள்ளங்கை அளவு எழுத்து என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். நாற்பது சொல்லில் அரசியல் எழுதுவது எவ்வளவு கடினம் என்பது எழுதிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். 'எனினும்', 'அதேசமயம்' போன்றவற்றுக்கெல்லாம் பலகையில் இடமே கிடையாது.

முதன்முதலாகச் சைக்கிள் நின்றது ஜூனில். 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள், 15ஆம் தேதி கல்லணையை. நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் விதைப்புப் பட்டம் தவறிவிடுமோ என்பதுதான் எங்கள் ஊரின் ஆண்டுதோறும் உள்ள கவலை. 'தண்ணீர் இன்று எங்கே?' என்று தலைப்புப் போட்டு, மேலே இருக்கிற ஊர்களுக்குப் போன் செய்து கேட்டு, ஞாயிறு வரை காத்திராமல் தினமும் ஒரு வரியை மாற்றினேன். ஆட்கள் நின்று படித்தார்கள். டீ கிளாஸோடு வந்து என்னைத் திருத்தினார்கள்.

அக்டோபரில் குறுவை (முதல் போகம்) நெல் கொள்முதல் நிலைய வாசல்களில் குவிந்து கிடந்து நனைந்தது. 'சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. ஈரப்பதம் 17 சதவீதம் வரை' என்று எழுதி, அடியில் 'சிப்பத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள்?' என்று கேட்டு (சிப்பம் என்பது நெல் மூட்டை, கேட்பது மாமூல்), கோடு போட்டு இடம் விட்டேன். மறுநாள் காலை கோட்டின் மேல் ஓர் எண் இருந்தது. யார் கை என்று தெரியாத கிறுக்கல். எந்த நிலையம் என்று யாரும் எழுதவில்லை. எங்கள் ஊரில் அதற்கு அவசியமும் இல்லை. மதியத்துக்குள் வேறு யாரோ உள்ளங்கையால் அதைத் தேய்த்து அழித்திருந்தார்கள். ஐந்து விரலும் பலகையில் பதிந்திருந்தன. ஆண்டு முழுவதிலும் அந்தப் பலகையில் வந்த மிக நல்ல வரி அதுதான், அதை நான் எழுதவில்லை.

சிக்கல் வந்தது இந்த மாதம். நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தைப் பற்றி எழுதினேன். 125 நாள் என்கிறார்கள். ஆனால் உடலுழைப்புக் கூலியை இதுவரை முழுவதும் ஒன்றிய அரசு தந்தது. இனி செலவில் 40 சதவீதத்தை மாநிலம் சுமக்க வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வேலை கிடையாது. இந்தக் கடைசி வரியைக் கண்டனமாகத்தான் எழுதினேன். ஆண்டு முழுவதும் பலகைக்குத் தலையாட்டியவர்கள், சாக்பீஸ் வாங்கிக் கொடுத்தவர்கள், "அந்தச் சட்டத்தில் உருப்படியானது அது ஒன்றுதான்" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. ஐப்பசியில் தாளடி (குறுவைக்கு அடுத்த போகம்) நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தபோது நானும் இதையேதான் முணுமுணுத்தேன்.

அப்போது ஓர் அம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தார். என் வயலில் பல ஆண்டுகளாக நடுகிறவர். "தண்ணீரை எழுதினாய், நெல் விலையை எழுதினாய். நடவுக் கூலியை எழுதவே இல்லையே தம்பி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து எண்ணினேன். 46இல் 21 நெல், தண்ணீர், உரம். 14 டெல்லியும் உலகமும். ஐந்து நினைவு நாள்கள். ஆறு தொழிலாளர் பற்றியவை: ஜூலை 9 பொது வேலைநிறுத்தம், நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், இப்படி. எங்கள் ஊர்ச் சேற்றில் இறங்குகிறவருக்கு என்ன கூலி என்பது ஒருமுறைகூட இல்லை. வெண்மணியில் 1968இல் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்ததன் பின்னால் இருந்தது அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட சண்டை. அங்கே போய்வந்த கையோடு தொடங்கிய பலகை இது.

நாளை எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். எழுதினால் யார் யார் முகம் திருப்புவார்கள் என்பது தெரியும். அவர்களில் நானும் ஒருவன் என்பதுதான் கையை இழுக்கிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?


தாம்பரம் வாசி (இரவு 10.05)

தோழர், இதில் தயங்க என்ன இருக்கிறது? சிறு உடைமையாளருக்கும் நிலமற்ற கூலித் தொழிலாளருக்கும் இடையிலுள்ளது பகைமையற்ற முரண்பாடு. ஏகபோக மூலதனத்துக்கும் உழைக்கும் மக்கள் அனைவருக்கும் இடையிலுள்ளதே முதன்மை முரண்பாடு. இரண்டையும் இயங்கியல் நோக்கில் இணைத்து ஒரு நிலைப்பாட்டை முன்வைத்தாலே போதுமே.


கோரையாற்றுக்காரன் (இரவு 10.12)

முன்வைக்கலாம் தோழர். உள்ளங்கை அளவு எழுத்தில் அதை எழுத டீக்கடைக்காரரின் சுவரையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.


வெண்ணாறு (இரவு 10.48)

நானும் சாக்பீஸ் வாங்கிக் கொடுக்கிற ரகம்தான், உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும். அதனால் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

இந்தக் குறுவையில் என் கணக்கு இது. உழவு, விதை, நடவு, உரம், மருந்து, அறுவடை வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 34,000 ரூபாய். அறுபது கிலோ மூட்டையில் 33 கண்டது. பொது ரகம். 49,500 ரூபாய் வர வேண்டும். நனைந்ததில் கழிந்தது, காயவைத்த கூலி, நீங்கள் கோடு போட்டு இடம் விட்டீர்களே அது, எல்லாம் போக ஏக்கருக்கு 12,000 தேறியிருந்தால் அதிகம். நானும் வீட்டுக்காரியும் நான்கு மாதம் உழைத்தது இதில் சேர்த்தி இல்லை. கூலியைக் கூட்டு என்று பலகையில் எழுதுவது சுலபம். எதிலிருந்து கூட்டுவது என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள்.

இன்னொன்று. என்னைப் பண்ணையார் இடத்தில் நிறுத்திப் பேசாதீர்கள். என் தாத்தா குத்தகைக்கு உழுதவர். கட்டை வண்டியில் செங்கொடி கட்டி மாநாட்டுக்குப் போனவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் விவசாயிகள் சங்கத் தலைவர் சீனிவாசராவ் படம் இருக்கிறது.

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆம், இந்த முறை மேற்கு வங்கத்து ஆட்களை விட்டுத்தான் நட்டேன். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சு. கயிறு பிடித்து நேராக நடுகிறார்கள், இருட்டுவதற்குள் கரையேறிவிடுகிறார்கள். காலையில் ஆள் வருமா வராதா என்று வாசலில் நின்று தவிக்க வேண்டியதில்லை. குற்றம் என்றால் குற்றமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.


நாற்றுமுடி (இரவு 11.31)

வெண்ணாறு அண்ணன் ஒரு பக்கக் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 54 வயது. திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமம். நான் படித்துத் தனியார் மருத்துவமனையில் செவிலியாகிவிட்டேன். அம்மா இன்னமும் நடவுக்குப் போகிறார், நான் வேண்டாம் என்று சொல்லியும். இந்த ஆண்டு அவருக்கு வயலில் கிடைத்த வேலையைச் சொல்லட்டுமா? குறுவை நடவு ஒன்பது நாள். தாளடி பன்னிரண்டு நாள். களை பதினைந்து நாள், அதுவும் மருந்து அடிக்காத வயல்களில் மட்டும். அறுவடையில் ஒரு நாள்கூட இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது தை மாதம் முழுவதும் வீட்டில் அடுப்பு காலையில் எரியாது; எல்லாரும் அறுப்புக்குப் போய்விடுவார்கள், களத்திலேயே கூலி நெல்லை அளந்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். அறுவடை வண்டி வந்த பிறகு அந்த நெல்லும் இல்லை. இப்போது ரேஷன் அரிசி.

நூறு நாள் வேலை என்கிறீர்கள். பெயரில்தான் நூறு, எந்த ஆண்டும் அம்மாவுக்கு அது முழுதாகக் கிடைத்ததில்லை. கூலி 336 ரூபாய் என்று அறிவிப்பு. வெட்டிய குளத்தை அளந்து பார்த்துவிட்டு வங்கிக் கணக்கில் விழுவது வேறு. அதிலும் 60 நாள் நிறுத்திவைத்தால் வயலுக்கு ஆள் வரும் என்கிறார்கள். எந்த வேலைக்கு வரும்? அறுப்பது வண்டி. நடுவது ரயிலேறி வந்த ஆள். மீதி இருக்கிற வேலைக்கு, வேறு வழியில்லாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார்கள் என்பதுதானே அதன் பொருள்?

வங்காளத்து ஆள் மீது எனக்குக் கோபம் இல்லை. என் தம்பியும் திருப்பூரில் வெளியூர் ஆள்தான்.

அம்மாவுக்குச் சேற்றுப்புண் வந்துவிட்டது, இரண்டு காலிலும் விரலிடுக்கில். நான் களிம்பு வாங்கிக் கொடுத்தால் அதை அலமாரியில் வைத்துவிட்டு மருதாணியை அரைத்துக் கட்டிக்கொள்கிறார். காலையில் காவிக் காலோடு மறுபடியும் இறங்குகிறார். ஆண்களுக்கு நாற்றுப் பறிக்க என்ன கூலி, பெண்களுக்கு நட என்ன கூலி என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள் அண்ணா. எழுதினாலே போதும், மற்றதை ஊர் படித்துக்கொள்ளும்.


வெண்ணாறு (இரவு 11.50)

வண்டியை நான் கண்டுபிடிக்கவில்லை, தங்கச்சி.


நாற்றுமுடி (இரவு 11.54)

வாடகைக்கு எடுத்தது நீங்கள்தானே, அண்ணா.


முள்ளியாறு (டிசம்பர் 28, காலை 5.20)

இரவில் படுத்துவிட்டேன், இப்போதுதான் பார்த்தேன். வயதாகிவிட்டதால் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் நான் பலகை எழுதியவன். தம்பி பூசியது போலவே கோவைத் தழையும் கரியும்தான். அந்தப் பலகைகளை எதற்காக வைத்தோம் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது எங்கள் தவறு. கூலியை எழுதத்தான் பலகையே வைத்தோம். தாசில்தார் முன்னால் மிராசுதாரர்களும் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிப்போம். முடிந்த கூலியை அன்று இரவே ஊர் ஊராகப் போய் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் காலையில் "அப்படி ஒன்றும் பேசவில்லையே" என்பார்கள். படி, மரக்கால் கணக்கில் எழுதுவோம். உலகச் செய்தியெல்லாம் மிச்ச இடத்தை நிரப்ப வந்ததுதான்.

வெண்ணாறு தம்பி சீனிவாசராவ் படத்தைச் சொன்னார். அவர் 1943இல் இங்கே வந்து தென்பரையில் சங்கம் கட்டியபோது குத்தகைக்கு உழுதவரும் பண்ணையாளும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். இருவருக்கும் எதிரில் இருந்தது ஒரே ஆள். சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கிற சாணிப்பாலும் பண்ணையாளுக்கு. குத்தகை வெளியேற்றம் உழுதவருக்கு. 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று வந்து, குத்தகைக்காரர் கால் ஊன்றினார், பிள்ளைகள் நிலம் வாங்கினார்கள். நல்லதுதான், அதற்காகத்தானே போராடினோம். பண்ணையாளுக்கு மனைப்பட்டா வந்தது, நிலம் பெரும்பாலும் வரவில்லை. ஒரே கொடியின் கீழ் நின்ற இருவரில் ஒருவர் இன்று கூலி கொடுக்கிறவர், மற்றவர் வாங்குகிறவர். படம் மட்டும் இரண்டு வீட்டிலும் மாட்டியிருக்கிறது.

வெண்மணிக்குப் பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதை நாங்கள் பலகையில் எழுதினோம். எரித்த வழக்கில் 1973இல் உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்ததையும் எழுதினோம். அன்று என் கை நடுங்கியது. எழுத்து கோணலாகத்தான் வந்தது.

எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். நாற்றுமுடி என்கிற மகள் கேட்டது நியாயம். நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களிலேயே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று இருந்தது. பேசுகிற மேசையில் பெண்கள் இல்லை. ஒருமுறை ஓர் அம்மாள், "நாங்கள் பாதி ஆளா?" என்று கேட்டார். அடுத்த முறை பார்க்கலாம் என்றேன். அடுத்த முறையும் அதையேதான் சொன்னேன்.

எழுதுங்கள் தம்பி. 'கூலி உயர்வு வேண்டும்' என்று முழக்கமாக எழுதாதீர்கள், அதற்கு ஊரில் மதிப்பில்லை. என்ன கொடுக்கப்படுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். முதலில் உங்கள் வயல் கூலி.


தாம்பரம் வாசி (காலை 8.15)

பெரியவர் எழுதியதைப் படித்த பிறகு என் நேற்றைய பதிலை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. இருக்கட்டும், அதுவும் ஒரு பதிவுதான்.


வெண்ணாறு (காலை 9.02)

ஐயா சொன்னதற்கு எதிர்வார்த்தை இல்லை. ஆனால் என் 34,000 அப்படியேதான் இருக்கிறது. இடுபொருள் விலையையும் கொள்முதல் விலையையும் அதே பலகையில் கூலிக்குப் பக்கத்தில் எழுதினால் எனக்குச் சம்மதம். கூலியை மட்டும் தனியாக எழுதினால் எங்களைத் தனியாக நிறுத்துவதாகத்தான் ஆகும்.


கோரையாற்றுக்காரன் (டிசம்பர் 28, இரவு 8.25)

எழுதிவிட்டேன். காலை பத்து மணிக்கு. வெண்ணாறு அண்ணன் கேட்டபடி மேலே நெல் விலை, யூரியா மூட்டை விலை, அறுவடை வண்டிக்கு ஒரு மணி நேர வாடகை. அதற்குக் கீழே கோடு கிழித்து:

'தாளடி நடவு, என் வயல், ஐப்பசி. நாற்றுப் பறித்த ஆணுக்கு 600 ரூபாய். நட்ட பெண்ணுக்கு 300 ரூபாய்.'

கீழே என் பெயர். அதற்கும் கீழே நான்கு வரிக்கு இடம் விட்டு, ஒரு சாக்பீஸை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

டீக்கடைக்காரர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் நான்கு மா இருக்கிறது. வழக்கமாகச் சாக்பீஸ் வாங்கித் தருகிறவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வயலில் எலித் தொல்லை அதிகமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மதியம் வரை நான்கு வரியும் காலியாகவே கிடந்தன. சைக்கிள் கடைப் பையன் மட்டும் தொங்கிய சாக்பீஸை எடுத்து ஓரத்தில் ஒரு பூ வரைந்தான்.

மூன்று மணிக்கு அந்த அம்மாள் பேத்தியோடு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்புப் படிக்கிற பேத்தி விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தாள். யூரியா விலைக்கெல்லாம் அந்த அம்மாள் பொறுமையாகத் தலையசைத்தார். 300 வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"முந்நூறு என்றா போட்டிருக்கிறது?"

"ஆமாம், ஆயா."

என் பக்கம் திரும்பினார். "முந்நூறு பேசினாய். கொடுத்தது இருநூற்றெண்பது. டீக்கும் வடைக்கும் என்று இருபதைப் பிடித்தாயே, மறந்துவிட்டாயா தம்பி?"

மறந்துதான் போயிருந்தேன். உரக்கடைக்கு மூன்று மாதத்துக்கு முன்பு வந்த லாரியில் எத்தனை மூட்டை இறங்கியது என்று இப்போதும் சொல்வேன். இது நினைவில் இல்லை. டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் கடையிலிருந்துதான் அன்று வடை போனது.

துணியை நனைத்து அழித்தேன். புதுப்பூச்சு இல்லாததால் 300 முழுவதும் அழியவில்லை. அதன் மேலேயே 280 என்று எழுதினேன். இரண்டும் தெரிகிறது.


முள்ளியாறு (இரவு 8.50)

பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?


கோரையாற்றுக்காரன் (இரவு 9.05)

எட்டுப் பேர், இரண்டு நாள், 320 ரூபாய். சாயங்காலம் தெருவுக்குப் போய் ஏழு பேர் கையில் கொடுத்துவிட்டேன். கேட்ட அம்மாள் மட்டும் வாங்கவில்லை. குறுவை நடவுக் கூலியில் கூட்டிப் போடு என்றார்.